ராஜா உண்டு; விமான நிலையம் இல்லை!

பூகோளப் படத்தில் ஸ்விட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, மசிப் பேனா தவறி விழுந்த இடம்போல் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுவும் ஒரு தேசம்தான். லீக்டன்ஸ்டைன் என்று பெயர். பெயரை எழுத அந்தத் தேசத்துக்குள் இடம் போதாமல், பக்கத்துத் தேசத்தின்மேல் எழுதிக் கோடு இழுத்துக் காட்டியிருப்பார்கள். வாயில் நுழையவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் மூன்றாவது தடவை தானே வந்துவிடும்.

இந்த வாரம் இதைப் பற்றி எழுதக் காரணம், தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் போட்டிருக்கும் கடிதம். ஓய்வு பெற்ற உபாத்தியாயர். மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் உத்தியோகமாக இருக்கிறானாம். "கோடையில் நானும் என் சம்சாரமும் மூன்று வாரம் அவனிடம் போகிறோம். லீக்டன்ஸ்டைனையும் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சிறு வயது முதல் ஆசை. தபால்தலை சேர்த்த நாளிலிருந்து! ஒரு மணி நேரம் போதும், பஸ்ஸில் போகிறபோது இறங்கி ஏறிவிடலாம் என்கிறார்கள். போதுமா? சம்சாரத்துக்கு முழங்கால் வலி. மாமிசம் தொடமாட்டோம். மறுபடி ஒரு தடவை போவோம் என்பதும் நிச்சயமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

போதாது, ஐயா. ஓர் இரவாவது தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவு.

பத்து நாளில் ஆறு தேசம் காட்டும் சுற்றுலா பஸ்கள் இந்த ஊரில் என்ன செய்கின்றன தெரியுமா? தலைநகரமான வாடூஸில் ஒரே ஒரு கடைத் தெருவின் ஓரத்தில் நிறுத்துகின்றன. ஜனங்கள் இறங்கி, மேலே மலையில் தெரியும் அரண்மனையைக் கீழேயிருந்து போட்டோ பிடித்து, சாக்லேட் வாங்கி, கழிவறைக்குப் போய்விட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். தேசம் ஒன்று கணக்கில் ஏறிவிட்டது! மதுரை ஜங்ஷனில் இறங்கிக் காப்பி சாப்பிட்டுவிட்டு மீனாட்சி அம்மனைத் தரிசித்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஊரைப் பார்த்தவர்கள் 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று சொல்வதும் இதனால்தான். அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை என்பது வாஸ்தவம். தேசம் அந்தத் தெருவுக்கு மேலே, மலையில் இருக்கிறது.

தேசத்தின் விஸ்தீரணம் 160 சதுர கிலோமீட்டர். 2011ல் பெரிதாக்கப்படுவதற்கு முன்பு சென்னை மாநகராட்சி இருந்ததே, அதைவிடக் கொஞ்சம் சிறியது. வடக்கு தெற்காக 25 கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 40,000. ராணுவம் 1868லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ராஜா உண்டு. நம் நாட்டில் சமஸ்தானங்கள் மறைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டன. அங்கே சமஸ்தானமே தனித் தேசமாக நிற்கிறது. இந்த ராஜ குடும்பம் ஷெல்லன்பெர்க் என்ற பகுதியை 1699லும் வாடூஸை 1712லும் விலைக்கு வாங்கியது. நாம் மனை வாங்குவது போலத்தான். அந்தக் காலத்து ஜெர்மானிய ராஜ்ய சபையில் ஓர் ஆசனம் வேண்டியிருந்தது. அதற்குச் சொந்தமாகப் பூமி வேண்டியிருந்தது. 1719ல் இரண்டும் சேர்ந்து தனி சமஸ்தானமாயின. வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர்கள் வியன்னாவிலேயே வாசம் செய்தார்கள். ராஜா நிரந்தரமாக வாடூஸில் குடியேறியது 1938ல்தான்! 1989ல் பட்டத்துக்கு வந்த ஹான்ஸ் ஆடம் 2004ல் அன்றாட ராஜ்ய காரியங்களை மூத்த குமாரர் அலோயிஸிடம் ஒப்படைத்தார்.

முதலில் விசா சமாசாரம். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லீக்டன்ஸ்டைனுக்கென்று தனி விசா கிடையாது. 2011 டிசம்பரில் அது ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. விசா விஷயத்தில் ஸ்விஸ்காரர்களே அதற்கும் பிரதிநிதி. ஆனால் உபாத்தியாயர் ஸ்விஸ் தூதரகத்துக்கு மனுப் போடக் கூடாது. எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அந்தத் தேசத்திடம்தான் கேட்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரம் ஜெர்மனி, இரண்டு நாள் லீக்டன்ஸ்டைன் என்றால் ஜெர்மனியிடம் கேட்பதே சரி. அந்த விசாவே இங்கும் செல்லும். சிலர் எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே மனுப் போட்டுவிட்டு, பெயருக்கு ஹோட்டல் பதிவு செய்து, பிறகு ரத்து செய்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். அந்த யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். எல்லையில் 'எங்கே தங்கப் போகிறீர்கள்?' என்று கேட்டால் விழிக்க வேண்டி வரும். அடுத்த தடவை விசா கேட்கும்போதும் அந்த விழிப்பு நினைவில் வைக்கப்பட்டிருக்கும்.

பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது போட வேண்டும். கோடைக் கூட்டத்தில் பதினைந்து நாளை நம்புவது வீண் துணிச்சல். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். வாங்கும்போது, மலையில் விழுந்தால் மீட்டு வரும் செலவும் அதில் சேருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மலையிலிருந்து இறக்குவது டோலியில் அல்ல, ஹெலிகாப்டரில்.

இனி போகும் வழி. விமான நிலையம் கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஸார்கான்ஸ் என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வாசலிலேயே 11ஆம் நம்பர் பஸ். அரை மணியில் வாடூஸ். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிற நம் உபாத்தியாயருக்கு வேறு வழி: லிண்டாவ், பிரெகென்ஸ் மார்க்கமாக ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ஹ் வரை ரயில். அங்கேயும் அதே 11ஆம் நம்பர் பஸ்தான்! ஓர் ஊரில் ஏறி மற்றோர் ஊரில் இறங்கினால் மூன்று தேசத்தைக் கடந்திருப்பீர்கள், ஒரே பஸ்ஸில். நம் டவுன் பஸ்ஸுக்கு இந்தப் பெருமை கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். ரயில் அட்டவணையில் 'ஷான்-வாடூஸ்' என்று ஒரு ஸ்டேஷன் கண்ணில் படும். அது வாடூஸில் இல்லை. பக்கத்து ஊரான ஷானில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பதில்லை. பெட்டியும் கையுமாக இருக்கும் வயதானவர்கள் பஸ்ஸையே நம்பலாம். இறங்கும் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதும் ஒரு சூட்சுமம்: அந்த ஊர்க்காரர்கள் வாடூஸை 'ஃபடுட்ஸ்' என்கிறார்கள். நீங்கள் 'வாடூஸ்' என்றால் புரியாமல் போகாது. அவர்கள் 'ஃபடுட்ஸ்' என்றால் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. எல்லையில் பொதுவாக யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் காட்டுவதற்குப் பாஸ்போர்ட் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.

பணம். ஸ்விஸ் பிராங்க்தான் அங்கேயும் செலாவணி, 1924லிருந்து அப்படித்தான். ஒரு பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டே காப்பி சாப்பிடாதீர்கள், இறங்காது. யூரோவைப் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். மீதியைப் பிராங்காகக் கொடுப்பார்கள். அந்த மாற்றில் நமக்கு லாபம் இல்லை. தங்கும் செலவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃபெல்ட்கிர்ஹில் அறை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போவது. இரண்டாவது, ஷானுக்கும் வாடூஸுக்கும் இடையே உள்ள 'இளைஞர் விடுதி'. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தலை நரைத்த இளைஞர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டில் விடுதியைத்தான் சொல்வேன். பகல் பஸ்கள் எல்லாம் போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அந்தப் பள்ளத்தாக்கு தன் சொந்த ஜனங்களிடம் திரும்பி வருகிறது. கடைகள் மூடிவிடும். கூட்டம் கலைந்துவிடும். எதிர்க்கரையில் ஸ்விஸ் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, கீழே நிழல் படிந்த பின்னும் இந்தப் பக்கத்துச் சிகரங்களில் வெளிச்சம் நின்றுகொண்டே இருக்கும். இதற்கு டிக்கெட் கிடையாது. ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறவர்களுக்கு இது கிடைப்பதும் இல்லை.

வாடூஸில் அரண்மனைக்குள் போக முடியாது. அது ராஜாவின் வீடு. மேலே ஏறிப் போய் வெளிச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க முழங்கால் வலிக்காரர்கள் சிரமப்பட வேண்டாம், கீழேயிருந்தே நன்றாகத் தெரிகிறது. 2000ல் திறந்த கறுப்புப் பெட்டி போன்ற கலைக்கூடம் நவீன ஓவியத்தில் ருசி உள்ளவர்களுக்கு. பொக்கிஷ சாலை என்று ஒன்று இருக்கிறது. ருஷ்யச் சக்கரவர்த்திகள் காலத்து ஃபபெர்ஷே முட்டை ஒன்றும், சந்திரனிலிருந்து வந்த கல்லும் அங்கே உண்டு.

ஆனால் உபாத்தியாயர் முதலில் போக வேண்டிய இடம் தபால்தலை மியூசியம். 1912ல் இந்தத் தேசம் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது. அப்போது ஆண்ட இரண்டாம் யோஹான் அரசரின் தலை அவற்றில் இருந்தது. தொழிற்சாலைகள் பெருகாத ஏழை விவசாய நாடாக இருந்த காலத்தில், உலகமெங்கும் இருந்த சேகரிப்பாளர்கள் வாங்கிய அழகான தலைகள் கஜானாவுக்குக் கணிசமான உதவியாக இருந்தன. ஆல்பத்தில் 'லீக்டன்ஸ்டைன்' என்ற பக்கம் காலியாகவே இருக்க, அடுத்த தெருப் பையனிடம் மட்டும் ஒன்று இருந்ததே என்று ஏங்கிய தலைமுறை நம்முடையது. அங்கிருந்து பேரனுக்கு ஒரு கார்டு எழுதி, தலை ஒட்டி, தபாலில் போடுங்கள். சாக்லேட்டைவிட மலிவு, அதிக நாள் இருக்கும்.

சுற்றுலா ஆபீஸில் சில பிராங்க் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் ஞாபகார்த்த முத்திரை குத்தித் தருகிறார்கள். எல்லோரும் ஆசைப்பட்டு நீட்டுகிறார்கள். இதில் என் அபிப்பிராயம் வேறு. பாஸ்போர்ட் சர்க்கார் தஸ்தாவேஜு. அதில் விளையாட்டு முத்திரை எதற்கு? வேறோர் எல்லையில் கடுமையான அதிகாரி ஒருவர் 'இது என்ன?' என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்திலோ படக் கார்டிலோ குத்தச் சொல்லுங்கள். முத்திரை அதேதான்.

அம்மாளுக்கு முழங்கால் வலி என்பதற்காக அறையில் உட்கார வேண்டியதில்லை. ரைன் நதியின் கரை மேல் சமதளமாக நடைபாதை இருக்கிறது. வாடூஸிலிருந்து மெதுவாக நடந்தால் அரை மணிக்குள் ஒரு பழைய மரப் பாலம் வரும். 1901ல் கட்டியது, 135 மீட்டர் நீளம், வீடு மாதிரிக் கூரை போட்டது. பாலத்தின் நடுவில் எல்லைக் குறி. ஒரு கால் லீக்டன்ஸ்டைனிலும் ஒரு கால் ஸ்விட்சர்லாந்திலும் வைத்து நிற்கலாம். அக்கரையில் செவெலன் என்ற ஸ்விஸ் ஊர். வெளிநாட்டுக்கு நடந்தே போய்விட்டு வந்தேன் என்று தஞ்சாவூரில் சொன்னால் நம்பமாட்டார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மலைக்கு. வாடூஸிலிருந்து 21ஆம் நம்பர் பஸ் ஏறுங்கள். இந்தத் தேசத்தின் மிகச் சிறந்த காட்சி அந்தப் பஸ்ஸின் ஜன்னல்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். வளைந்து வளைந்து ட்ரீஸன்பெர்க் கிராமத்துக்கு ஏறுகிறது. வால்ஸர் என்ற மலை ஜனங்கள் மத்திய காலத்தில் மேற்கேயிருந்து வந்து குடியேறிய ஊர் அது; கீழே பள்ளத்தாக்கில் பேசும் ஜெர்மனுக்கும் அவர்கள் பேச்சுக்கும் இன்றும் வித்தியாசம் உண்டு. பிறகு ஒரு சுரங்கப் பாதை. நுழையும்போது ரைன் பள்ளத்தாக்கும் ஆலைகளும் சாலைகளும். வெளியே வந்தால் பைன் மரங்களும் பசுக்களின் கழுத்து மணியும். கடைசி ஸ்டாப் மால்பூன். உயரம் 1,600 மீட்டர். நம் கொடைக்கானலைவிடத் தாழ்வு, குளிர் மட்டும் அதிகம்.

அங்கிருந்து ஸாரைஸ் என்ற முகட்டுக்கு, கம்பியில் தொங்கும் நாற்காலியில் 2,000 மீட்டர் வரை போகலாம். முழங்காலுக்கு வேலையே இல்லை. நாற்காலி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 'மெதுவாக' என்று சைகை காட்டினால் வயதானவர்களுக்காக வேகத்தைக் குறைப்பார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது அவசியம். செருப்பு கழன்று கீழே விழுந்தால் அது மாட்டுக்குத்தான். கட்டும் ஷூ நல்லது. மேலே உட்கார்ந்து காப்பி சாப்பிடலாம். ஆனால் போகும் முன் நாற்காலி ஓடுகிறதா என்று விசாரியுங்கள். பனி கரையும் வசந்தத்திலும், குளிர்காலத்துக்கு முந்திய வாரங்களிலும் அதை நிறுத்திவிடுவார்கள். விடுதிகள் பலவும் மூடிக் கிடக்கும். கோடைக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சிலாக்கியம்.

கால் பலமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வழிகாட்டும் மஞ்சள் பலகைகளில் தூரம் போட்டிருக்காது, நேரம் போட்டிருக்கும். அது நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு. நாம் ஒன்றரைப் பங்கு வைத்துக்கொள்ள வேண்டும். 1898ல் பாறையில் செதுக்கிய ஃப்யூர்ஸ்டன்ஷ்டைக், அதாவது 'இளவரசர் பாதை', பிரசித்தமானது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். தலை சுற்றல் உள்ளவர்கள், குழந்தைகள், ரப்பர் செருப்புக்காரர்கள் போகக் கூடாது. வானம் கறுத்தால் அழகு பார்த்துக்கொண்டு நிற்காமல் இறங்கிவிட வேண்டும். சில நாள் தெற்கேயிருந்து ஃபன் என்று ஒரு வெப்பக் காற்று வீசும். குளிரப் போகிறோம் என்று கம்பளிக்குள் புகுந்தவர்கள் வியர்த்துப் போவார்கள். சிலருக்குத் தலைவலியும் வரும். புல்வெளிக்குள் இறங்கி ஓடிப் படம் எடுக்கும் சினிமா ஆசையும் வேண்டாம். அந்தப் புல், குளிர்காலத்துக்கு வேண்டிய மாட்டுத் தீவனம். நெற்பயிரில் யாராவது ஓடி விளையாடினால் நமக்கு எப்படி இருக்கும்?

சாப்பாட்டுக்கு வருவோம். கேஸ்க்னோப்ளே என்பது அந்த ஊர்ச் சிறப்புப் பலகாரம். மாவை இடியாப்ப உழக்கு மாதிரி ஒன்றில் தேய்த்துக் கொதிநீரில் விழச் செய்து, பாலாடைக்கட்டி கலந்து, வறுத்த வெங்காயம் தூவி, ஆப்பிள் மசியலோடு கொடுக்கிறார்கள். மாவில் முட்டை உண்டு. முட்டை ஆகாதவர்களுக்கு அதுவும் ஆகாது. 'வெஜிடாரிஷ்' என்று சொன்னால் புரியும். அதோடு 'ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், மாமிசமும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று அர்த்தம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எதில் கொதித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவர்கள் பலர் அறியாமல் தவறுவது சூப்பில்தான்.

உபாத்தியாயர் தம்பதிக்குச் சமையலறை உள்ள வாடகை ஜாகையே உத்தமம். அரிசியும் தயிரும் அங்கத்திய கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்; ஊறுகாய் நீங்கள் கொண்டு போவது. சூரிச் வழியாகப் போகிறவர்கள் அங்குள்ள இலங்கைத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை முதற்கொண்டு வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்காதவர்கள் ஞாயிறன்று ஏகாதசி. தண்ணீரை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். குழாய் நீர் மலை ஊற்று. ஹோட்டல் அறையில் தாளிக்கும் விஷப் பரீட்சை வேண்டாம். புகைமணி அடிக்கும், மாடி முழுவதும் வெளியே வந்து நிற்கும். மின்சாரப் பிளக் ஸ்விஸ் மாதிரி. நம் தடித்த முனைகள் அதில் நுழையாது. ஜெர்மனியில் வாங்கிய மாற்றுப் பிளக்கும் இங்கே பொருந்தாமல் போகலாம்.

டெலிபோனும் அப்படியே. ஐரோப்பாவுக்கென்று வாங்கிய கார்டில் எல்லாத் தேசமும் அடக்கம் என்று எண்ணிக்கொள்ளாமல், பட்டியலில் லீக்டன்ஸ்டைன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் போன் அடிக்கடி மூன்று தேசத்துக் கம்பங்களிடையே தாவும்; கட்டணமும் கூடவே தாவும். ஆபத்துக்கு 112 எங்கும் ஒன்றுதான்.

ஊர்க்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் மலைப்பாதையில் எதிர்ப்படும் எவரும் வணக்கம் சொல்லாமல் போவதில்லை. 'ஹோய்' என்பார்கள். நீங்களும் 'ஹோய்' என்றால் போதும்; முகம் மலர்ந்துவிடும்.

தேதியை மாற்றிக்கொள்ள வசதியிருந்தால், உபாத்தியாயர் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் போகலாம். நமக்குச் சுதந்திர தினம். அவர்களுக்கும் அதே நாள் தேசியத் திருநாள். 1940லிருந்து கொண்டாடுகிறார்கள். காலையில் அரண்மனை அருகே உள்ள புல்வெளியில் அரசு விழா. ராஜா குடும்பமும் குடிமக்களும் ஒரே வெயிலில் நிற்பார்கள். சாயங்காலம் வாடூஸ் தெருவில் திருவிழா, இரவில் அரண்மனை மேல் வாணவேடிக்கை. அன்று அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. விசா மனுவுக்கு முன்பே விடுதிக்கு எழுதிவிடுங்கள். வாணவேடிக்கை முடிந்து திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை அன்று காலையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.